ஆயுசு நூறு! தற்செயலுக்கு ஒரு எளிய கணக்கு

"ஒனக்கு ஆயுசு நூறுப்பா, இப்பத்தான் ஒன்னையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்." மதுரைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. ஒருவர் பேரை எடுத்து வாய் மூடுவதற்குள் அவரே வாசலில் வந்து நிற்பார், இல்லை போன் அடிக்கும். கேட்கிற நமக்கு உடம்பு ஒரு நிமிடம் சிலிர்த்துப் போகும். இப்படி நடப்பது எவ்வளவு அபூர்வம்? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த நிகழ்தகவு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

போனையே எடுத்துக்கொள்வோம். ஒரு நண்பர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அழைப்பார் என்று வையுங்கள். வருடத்துக்கு 6 அழைப்பு. அவர் நினைப்பு நமக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் விழித்திருக்கிறோம். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தால் 96, இரண்டு நாளுக்கு 192. அவர் அழைப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் நம் நினைப்பு வந்து விழுவதற்கு வாய்ப்பு 192-ல் 1. ஆறு அழைப்புக்கும் சேர்த்தால் 192-ல் 6, அதாவது 32-ல் 1. அந்த ஒரு நண்பரை மட்டும் வைத்துப் பார்த்தால் 32 வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற அதிசயம்தான்.

ஆனால் நமக்கு இருப்பது ஒரே ஒரு நண்பரா? சித்தி, மாமா, மச்சான், பழைய ஆபீஸ் ஆள், கூடப் படித்தவர்கள் என்று இப்படி 50 பேர் இருந்தால், 32-ல் 50. சராசரியாக வருடத்துக்கு ஒன்றரை தடவை நடக்கும். இதுவும் குறைத்துப் போட்ட கணக்குத்தான். தீபாவளி நெருங்கினால் ஊரில் இருக்கும் அண்ணன் நினைப்பு நமக்கு வரும், அதே தீபாவளியால் நம் நினைப்பு அவருக்கும் வரும். இரண்டு நினைப்புக்கும் காரணம் ஒன்றே என்பதால் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். அதிசயமாக ஏதாவது நடந்தால், "இது நடக்க என்ன வாய்ப்பு?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, "இது மாதிரி ஏதோ ஒன்று, யாரோ ஒருவருக்கு நடக்க எத்தனை வழி இருந்தது?" என்பது. முதல் கேள்விக்கு எப்போதும் மிகச் சின்ன எண் வரும். இரண்டாவதற்கு வருகிற எண் பல நேரம் ஆளை அசத்திவிடும்.

நம் வீட்டு நட்சத்திரங்களை வைத்தே இதைப் பார்க்கலாம். மொத்தம் 27 நட்சத்திரம். நிலா ஏறத்தாழ நாளுக்கு ஒன்றாகக் கடப்பதால், பிறக்கும் குழந்தைக்கு எந்த நட்சத்திரம் வந்தாலும் வாய்ப்பு கிட்டத்தட்ட சமம்தான். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேருக்காவது ஒரே நட்சத்திரம் அமைய என்ன வாய்ப்பு? 27-ல் 7, ஏதோ கால்பங்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஒவ்வொருவராக வருவோம். தாத்தாவுக்கு எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பாட்டிக்கு அது வராமல் இருக்க 27-ல் 26 வாய்ப்பு. அப்பாவுக்கு அந்த இரண்டும் வராமல் இருக்க 27-ல் 25. அம்மாவுக்கு 27-ல் 24. இப்படியே இறங்கி கடைசிப் பிள்ளைக்கு 27-ல் 21. இந்த ஆறையும் பெருக்கினால் 0.43 வருகிறது. ஏழு பேருக்கும் வேறு வேறு நட்சத்திரமாக அமைவதற்கு நூற்றுக்கு 43 வாய்ப்புத்தான். மீதி 57, யாராவது இருவருக்கு ஒன்றாக அமையும் வாய்ப்பு. பத்துப் பேர் இருக்கிற கூட்டுக்குடும்பம் என்றால் அது 85 ஆகிவிடும்.

இது எப்படி இவ்வளவு ஏறுகிறது? நாம் ஆட்களை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடிகளை. ஏழு பேரில் தாத்தா-பாட்டி, தாத்தா-அப்பா, அம்மா-கடைக்குட்டி என்று எழுதிக்கொண்டே போனால் 21 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் பொருந்த 27-ல் 1 வாய்ப்பு. 21 தடவை முயன்றால் ஒரு தடவையாவது விழுவதில் ஆச்சரியம் இல்லை. ஆட்கள் இரண்டு மடங்கானால் ஜோடிகள் நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிடும். தற்செயல் பற்றிய பாதி வியப்பு இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே நட்சத்திரம் என்றால் ஏக நட்சத்திர தோஷம் என்று பயந்து சாந்தி செய்கிற குடும்பங்கள் உண்டு. பெற்றோர் இருவருக்கும் வேறு வேறு நட்சத்திரம் என்றால், பிறக்கும் குழந்தைக்கு அந்த இரண்டில் ஒன்று அமைய 27-ல் 2 வாய்ப்பு. 13, 14 பிரசவத்துக்கு ஒன்று. பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் அநேகமாகத் தினம் நடக்கிற விஷயம் இது.

பிறந்தநாளுக்கும் இதே கணக்கு. 365 நாள் இருந்தும், 23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 40 பேர் உள்ள வகுப்பில் நூற்றுக்கு 89, 50 பேர் என்றால் 97. நம்பாத ஆசிரியர்கள் நாளைக்கே வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் "என் பிறந்தநாள் யாருக்காவது இருக்கிறதா?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. அது பாதி வாய்ப்பை எட்ட உங்களைத் தவிர 253 பேர் வேண்டும்.

இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் ஒரு சாயங்காலம் ஜிகர்தண்டா குடிக்கப் போகும்போது, கடை வாசலில் வரிசையாக நிற்கும் டூவீலர்களைப் பாருங்கள். டி.என். 58, 59, 64 என்று எதில் தொடங்கினாலும் சரி, கடைசி இரண்டு எண்ணை மட்டும் கவனியுங்கள். 00 முதல் 99 வரை நூறு வகை. வரிசையில் 20 வண்டி நிற்கிறது. 47, 09, 63, 18, 90, 35 என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தால், வரிசை முடிவதற்குள் ஏற்கெனவே சொன்ன எண் ஒன்று திரும்ப வந்து நிற்க நூற்றுக்கு 87 வாய்ப்பு. 13 வண்டி இருந்தாலே பாதியைத் தாண்டும். இப்போது உங்கள் வண்டியும் அந்த இருபதில் ஒன்று என்று வையுங்கள். அதன் கடைசி இரண்டு எண்ணோடு மற்ற 19-ல் ஒன்று பொருந்த என்ன வாய்ப்பு? நூற்றுக்கு 17 தான். வண்டிகள் அதேதான், தெருவும் அதேதான், கேள்வி மட்டும் மாறியிருக்கிறது.

இதைக் குழந்தைகளோடு செய்து பார்க்கச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் பகடையையும் சீட்டுக்கட்டையும் வைத்துச் சொல்லித் தருவதைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

இதுவரை போட்ட கணக்கில் எல்லா எண்ணும், எல்லா நாளும் சமம் என்று வைத்துக்கொண்டோம். வாழ்க்கை அப்படிச் சமமாக இல்லை, அது தற்செயலை இன்னும் அதிகமாக்கும். பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி, சுந்தர், பாண்டி, முத்து, அழகர், கருப்பசாமி. குலசாமி பேரும் ஊர்த் தெய்வத்தின் பேரும் வைக்கிற மண் இது. மதுரைப் பேருந்தில் பக்கத்துச் சீட்டு அம்மாவுக்கும் நம் பாட்டிக்கும் ஒரே பேர் என்றால் அதில் அதிசயிக்க அதிகம் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாமல் பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, ஜூனில் ஐந்து வயது நிறைகிற மாதிரி ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். அதனால் நம் அப்பா, தாத்தா தலைமுறையின் சான்றிதழ்களில் மே, ஜூன் தேதிகள் குவிந்து கிடக்கும். அவர்களில் இருவர் ஒரே நாளில் ரிட்டயர் ஆவதும் அப்படித்தான்.

ஆட்களைச் சந்திப்பதும் அப்படியே. வளர்பிறை முகூர்த்தநாளில் திருப்பரங்குன்றத்துக்குக் கல்யாணத்துக்குப் போனால், பல வருடமாகப் பார்க்காத ஒருவரைப் பார்த்துவிட்டு "என்ன அதிசயம்!" என்போம். முகூர்த்தநாள் வருடத்தில் கொஞ்சம்தான். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் கல்யாணம் வைக்கிறவர்கள் அங்கே குவிகிறார்கள். நாளும் இடமும் சுருங்கிவிட்டால் ஆட்கள் மோதிக்கொள்ளத்தான் செய்வார்கள். இந்தச் சுருக்கம் எதுவும் இல்லாமல் பார்த்தால்கூட, 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துச் சொச்சம். நமக்கு முகம் தெரிந்தவர்கள் 500 பேர், தீபாவளி நெருங்கும் ஒரு மாலையில் மாசி வீதியில் 3,000 முகங்களைக் கடக்கிறோம் என்றால், தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்பட ஐந்தில் இரண்டு வாய்ப்பு உண்டு.

இனி எண்களைக் கொஞ்சம் பெரிதாக்குவோம். "பத்து லட்சத்தில் ஒன்று" என்பதை நடக்கவே நடக்காதது என்ற பொருளில் சொல்கிறோம். ஒரு நாளில் ஒருவருக்கு நடக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு உள்ள சம்பவம், மதுரை மாவட்டத்தில் மட்டும் தினம் மூன்று பேருக்கு நடக்கும். அதே 2011 கணக்கெடுப்பில் 7 கோடியே 21 லட்சம் பேர் இருந்த தமிழ்நாட்டில் தினம் 72 பேருக்கு. பெர்சி டயகோனிஸ், ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1989-ல் தற்செயல்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இதை ஒரு விதியாகவே வைத்தார்கள். கூட்டம் போதிய அளவு பெரிதாக இருந்தால், எந்த விசித்திரமும் நடந்தே தீரும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில லாட்டரியில் ஒரே பெண் 1985-லும் 1986-லும் பெரிய பரிசை வென்றார். 17 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் குறிப்பிட்ட பெண், அந்தக் குறிப்பிட்ட இரண்டு குலுக்கலுக்கு ஒவ்வொரு சீட்டு மட்டும் வாங்கியிருந்தால் அந்த எண் சரி. பர்டூ பல்கலைக்கழகத்துப் புள்ளியியலாளர்கள் இருவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: அமெரிக்காவில் எங்கோ, யாரோ ஒருவர், ஏழு வருடத்துக்குள் இரண்டு முறை பெரிய பரிசை வெல்ல என்ன வாய்ப்பு? பாதிக்கும் மேல் என்று விடை வந்தது. கோடிக்கணக்கான பேர் வாரா வாரம் சீட்டு வாங்குகிறார்கள், முன்பு வென்றவர்களும் விடாமல் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். கேரளாவில் அரசே நடத்துகிறது. இரண்டு முறை பரிசு விழுந்தவர் என்று எங்கிருந்தாவது செய்தி வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

சரி, எண்ணிக்கை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் ஞாபகம். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர்கள் அழகாகச் சொல்லி வைத்தார்கள். ராமநாதபுரம் சாலையில் போகும்போது பனைமரங்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காக்கா உட்கார்ந்து பழம் விழுந்தது என்பது ஒரு கட்டம். காக்கா உட்கார்ந்தும் பழம் விழாமல் இருந்தது இன்னொரு கட்டம். காக்கா வராமலே பழம் விழுந்தது மூன்றாவது. காக்காவும் இல்லை, பழமும் விழவில்லை என்பது நான்காவது. முதல் கட்டத்தை மட்டும் ஊரே பேசும். மற்ற மூன்றையும் யாரும் நின்று பார்ப்பதில்லை, பார்த்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. காக்காவால்தான் பழம் விழுகிறதா என்று தெரிய வேண்டுமானால் நான்கு கட்டத்தையும் எண்ணியாக வேண்டும்.

போன் விஷயத்திலும் இதே கதைதான். நினைத்தும் அழைக்காத நாட்கள், நினைக்காமலே வந்த அழைப்புகள் எல்லாம் ஞாபகத்தில் தங்குவதே இல்லை.

இதெல்லாம் வியந்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் தற்செயலுக்குப் பலியாகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெண்ணின் நட்சத்திரம் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு, கேட்டை என்றால் கணவனின் அண்ணனுக்கு, விசாகம் என்றால் கணவனின் தம்பிக்கு. 27-ல் 4 நட்சத்திரம் போயிற்று. நூறு பெண் பிள்ளைகள் பிறந்தால் அதில் 15 பேரின் ஜாதகத்தைப் பிறந்த அன்றைக்கே தள்ளி வைக்கிறோம். வரன் தேடி அலைகிற அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எத்தனை பெரிய பாரம் என்று தெரியும்.

மூல நட்சத்திர மருமகள் வந்தாள், மாமனார் போய்ச் சேர்ந்தார் என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. அது முதல் கட்டம். மூல நட்சத்திர மருமகள் கையால் சாப்பிட்டு எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற மாமனார்கள் இரண்டாவது கட்டம். ரோகிணியும் அனுஷமும் மருமகளாக வந்த வீட்டில் இறந்துபோன மாமனார்கள் மூன்றாவது. மகனுக்குக் கல்யாணம் செய்கிற வயதில் அப்பாக்கள் அறுபதை நெருங்கியிருப்பார்கள். சர்க்கரையும் பிரஷரும் நெஞ்சுவலியும் வருகிற வயது அது, யார் மருமகளாக வந்தாலும்.

நட்சத்திரத்தை விட்டாலும் "வந்த நேரம்" என்று ஒன்று இருக்கிறது. புதுப்பெண் காலடி வைத்த வருடத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அவள் ராசியில்லாதவள். இதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 6 பேர் இறக்கிறார்கள். பெரியப்பா, அத்தை, தாத்தா, பாட்டி என்று மாப்பிள்ளை வீட்டு நெருங்கிய சொந்தம் 60 பேர் என்று வையுங்கள். ஒருவர் ஒரு வருடத்தைத் தாண்டும் வாய்ப்பு 0.994. அதை அறுபது தடவை பெருக்கினால் 0.70. எந்தச் சாவும் இல்லாமல் அந்த வருடம் கழிய நூற்றுக்கு 70 வாய்ப்பு. அதாவது பத்துக் கல்யாணத்தில் மூன்றில், முதல் வருடத்துக்குள் கணவன் வீட்டுச் சொந்தத்தில் ஒரு சாவு விழும். சொந்தம் நூறு பேர் என்றால் பத்துக்கு நான்கைத் தாண்டும். இதோடு விபத்து, வேலை போனது, கடையில் நட்டம், மாடு செத்தது என்று எல்லாவற்றையும் சேர்த்தால் தப்பிக்கிற புதுப்பெண் யாரும் இருக்க மாட்டாள். கல்யாணமே நடக்காத வீட்டிலும் அந்த வருடம் அதே விகிதத்தில்தான் சாவு விழுந்திருக்கும். அங்கே பழியைப் போட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்காக ஒத்துப்போகிற எல்லாமே தற்செயல் என்று தள்ளிவிடவும் கூடாது. பரீட்சையில் பக்கத்துப் பக்கத்து மாணவர்கள் இருவரும் சரியான விடைகளை ஒரே மாதிரி எழுதியிருந்தால் அது படிப்பு. ஒரே தப்பை, ஒரே எழுத்துப் பிழையோடு, நான்கு இடத்தில் எழுதியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

1854-ல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வந்து சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் யார் யார் எங்கே இறந்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. அவர் அதோடு நிற்கவில்லை, மற்றக் கட்டங்களையும் தேடிப் போனார். பம்புக்குப் பக்கத்திலேயே பீர் ஆலை ஒன்று இருந்தது, அங்கே வேலை பார்த்தவர்கள் இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை, ஆலைக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்திருந்தார். விசாரித்தால், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதையே வரவழைத்துக் குடித்து வந்திருக்கிறார். அருகில் இருந்தும் குடிக்காதவர் பிழைத்தார், தூரத்தில் இருந்தும் குடித்தவர் இறந்தார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் ஸ்னோ.

நம் தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் இதையே செய்யலாம். மூடாத தொட்டி, மொட்டைமாடியில் கிடக்கிற டயர், தண்ணீர் தேங்கிய தேங்காய்ச் சிரட்டை இருக்கிற வீடுகள் எத்தனை, அதில் காய்ச்சல் வந்தது எத்தனை? இதெல்லாம் இல்லாத வீடுகள் எத்தனை, அங்கே எத்தனை? அடுத்த தெருவில் என்ன நிலை? டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. அதனால் காரணம் அதுதான் என்றால் கட்டங்களுக்கு நடுவே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான்கு கட்டம் போட்ட ஒரு தாளோடு வார்டு சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பார்த்தால், எங்கே முதலில் மருந்து அடிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.